கோடிங் கேள்வி பதில்: யூஆர்எல் சரிதானா, கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் சரிதானா?

யூஆர்எல் சோதனை, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் (டேட்டாபேஸோடு இணையத் தேவையான ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்டு எல்லாம் அடங்கிய ஒரே வரி) இரண்டையும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் எக்ஸாம்பிள்.காம் என்ற பெயர், உதாரணத்துக்கென்றே 1999-இல் ஆர்எஃப்சி 2606 என்ற இணையத் தரநிலை ஆவணம் மூலம் ஒதுக்கப்பட்டது. உங்கள் டெஸ்ட் கோடிலும் அதையே போடுங்கள். யாருடைய நிஜ சைட்டுக்கும் உங்கள் டெஸ்ட் கோரிக்கைகள் போய்ச் சேராது.

கேள்வி (கோவை): பதிவுப் படிவத்தில் வாடிக்கையாளர் தரும் வெப்சைட் முகவரியைச் சோதிக்க, நெட்டில் கிடைத்த நீளமான ரெஜெக்ஸ் (எழுத்துகள் எந்த அமைப்பில் வர வேண்டும் என்று சொல்லும் சூத்திரம்) ஒன்றைப் போட்டிருக்கிறோம். நல்ல முகவரிகளையே தள்ளிவிடுகிறது. சில சமயம் சர்வரின் சிபியு 100 சதவீதத்தில் போய் நின்றுவிடுகிறது. இதைவிட நல்ல ரெஜெக்ஸ் உண்டா?

இந்த வேலைக்கு ரெஜெக்ஸே வேண்டாம். யூஆர்எல்லின் இலக்கணம் ஆர்எஃப்சி 3986-இல் இருக்கிறது. பிரவுசர்கள் நடைமுறையில் பின்பற்றுவது வாட்டபிள்யூஜி அமைப்பின் யூஆர்எல் தரநிலையை. இரண்டையும் ஒரே வரி ரெஜெக்ஸில் அடக்க முடியாது. ஆர்எஃப்சி 3986-இன் பின்னிணைப்பில் ஒரு ரெஜெக்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது முகவரியைத் துண்டாக்க மட்டும்தான். எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் அது பொருந்திவிடும்.

சிபியு ஏறுவதற்குக் காரணம், அடுக்கடுக்கான திரும்பல்கள். "ஒன்று அல்லது பல எழுத்துகள், அந்தக் கூட்டம் ஒன்று அல்லது பல முறை" என்று எழுதினால், 30 எழுத்துள்ள பெயரைக் கூறுபோட 53 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. கடைசி எழுத்து பொருந்தாதபோது எஞ்சின் பின்வாங்கிப் பின்வாங்கி அத்தனையையும் முயன்று பார்க்கும். பெரிய தளங்களையே இது சாய்த்திருக்கிறது. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் விழுந்து கிடந்தது. ஒரு பதிவில் இருந்த ஏறத்தாழ 20,000 வெற்றிட எழுத்துகளும், வரி ஓரத்தை வெட்ட எழுதிய ஒரு சிறிய ரெஜெக்ஸும்தான் காரணம். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் 27 நிமிடம் முடங்கியதற்கும் ஒரு ரெஜெக்ஸே காரணம்.

மொழியோடு வரும் பார்சரை, அதாவது முகவரியைப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் கோடை, பயன்படுத்துங்கள். ஆனால் எந்தப் பார்சர் எவ்வளவு கண்டிப்பானது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்பக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் 'நியூ யூஆர்எல்' தவறான முகவரிக்குப் பிழை எறியும். புதிய பதிப்புகளில் 'கேன்பார்ஸ்' ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். பைத்தானின் 'யூஆர்எல்பார்ஸ்' பெரும்பாலும் எதையும் தடுக்காது, பிரித்துக் கொடுப்பதோடு சரி. முன்னால் எச்டிடிபிஎஸ்:// இல்லாமல் வெறும் எக்ஸாம்பிள்.காம் என்று கொடுத்தால், பெயர் முழுவதையும் பாத் பகுதியில் போட்டுவிட்டு ஹோஸ்டைக் காலியாக விடும். போர்ட் 99999 என்று இருந்தாலும், நீங்கள் போர்ட்டைப் படிக்கக் கேட்கும் வரை பிழை வராது. சி ஷார்ப்பில் 'ட்ரைகிரியேட்' போட்டு 'அப்சல்யூட்' என்று கேட்டாலும், லினக்ஸில் /படங்கள் என்ற ஃபைல் பாத் செல்லுபடியாகும் முகவரி என்று தேறிவிடும். விண்டோஸில் எழுதிச் சோதித்த கோடு சர்வரில் வேறு பதில் தருவது இதனால்தான்.

எனவே பார்ஸ் செய்த பிறகு, துண்டு துண்டாக நீங்களே பாருங்கள். ஸ்கீம் (முகவரியின் தொடக்கத்தில் : குறிக்கு முன் வரும் பகுதி) எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் மட்டும்தான். இல்லாவிட்டால் 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்கும் முகவரி உங்கள் பக்கத்தில் லிங்காக வந்து உட்காரும். ஹோஸ்ட் காலியாக இருக்கக் கூடாது. @ குறிக்கு முன்னால் யூசர்நேம், பாஸ்வேர்டு எதுவும் இருக்கக் கூடாது. நீளத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். 2022-இன் ஆர்எஃப்சி 9110, குறைந்தது 8,000 பைட்டாவது தாங்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பதிவுப் படிவத்துக்கு 2,000 தாராளம்.

ஸ்கீம் இல்லாமல் எழுதுபவர்களுக்காக முன்னால் எச்டிடிபிஎஸ்:// சேர்ப்பதாக இருந்தால், :// இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் : போதாது. லோக்கல்ஹோஸ்ட்:3000 என்று கொடுத்தால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதையே ஸ்கீம் என்று பார்சர் எடுத்துக்கொள்ளும், பிழையும் வராது. டேட்டாபேஸில் சேமிப்பது பார்சர் திருப்பித் தந்த வடிவமாக இருக்கட்டும். எச்டிடிபி:எக்ஸாம்பிள்.காம் என்று இரண்டு சாய்கோடும் இல்லாமல் கொடுத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் பார்சர் அதைத் திருத்தி ஏற்றுக்கொள்ளும். வாடிக்கையாளர் அடித்ததை அப்படியே சேமித்தால், நாளை வேறு மொழியில் எழுதிய சர்வீஸ் அதைப் படிக்கும்போது உதைக்கும்.

கேள்வி (சென்னை): டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியதிலிருந்து அப்ளிகேஷன் இணையவில்லை. "இந்த ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்கிறது. ஹோஸ்ட்டில் கை வைக்கவே இல்லை. புதிய பாஸ்வேர்டில் @, # இரண்டும் இருக்கின்றன.

காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். பாஸ்வேர்டு 77@12#5 என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரிங் இப்படி இருக்கும்:

போஸ்ட்கிரெஸ்கியூஎல்://கடை:77@12#5@டிபி1:5432/விற்பனை

இதைப் பைத்தானின் பொதுப் பார்சரிடம் கொடுத்தால் # வந்த இடத்தில் வெட்டும், ஏனென்றால் அதற்குப் பின் வருவது ஃபிராக்மென்ட். மிஞ்சியது கடை:77@12. ஆகவே பாஸ்வேர்டு 77, ஹோஸ்ட் 12. போஸ்ட்கிரெஸின் சொந்த லைப்ரரியான லிப்பிக்யூ வேறு மாதிரிப் பிரிக்கும். அது முதல் @ வரை பாஸ்வேர்டு என்று எடுத்துக்கொள்ளும். மீதி 12#5@டிபி1 முழுவதும் ஹோஸ்ட்! ஒரே ஸ்ட்ரிங், இரண்டு பார்சர், இரண்டு ஹோஸ்ட். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கண்டுபிடிக்க முடியாத ஹோஸ்ட் என்று பிழைச் செய்தியில் அச்சாவது உங்கள் பாஸ்வேர்டின் பாதி. அது லாக் ஃபைலுக்கும் போயிருக்கும். அந்த பாஸ்வேர்டை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள்.

ஸ்ட்ரிங்காகத்தான் தர வேண்டும் என்றால் சிறப்புக் குறிகளை பெர்சென்ட் என்கோடிங் செய்ய வேண்டும். @ என்பது %40, # என்பது %23, % என்பதே %25. மேலே சொன்ன பாஸ்வேர்டு 77%4012%235 ஆகும். கையால் மாற்றாதீர்கள், அதற்குரிய ஃபங்ஷனிடம் விடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'என்கோட்யூஆர்ஐகாம்போனன்ட்'. பைத்தானில் 'குவோட்', அதில் 'சேஃப்' என்பதைக் காலிச் சரமாகத் தர வேண்டும். தராவிட்டால் / குறியை மாற்றாமல் விட்டுவிடும். அதன் தம்பியான 'குவோட்_பிளஸ்' இடைவெளியை + ஆக்கும். லிப்பிக்யூ அந்த + குறியை இடைவெளியாகத் திருப்பாது, பாஸ்வேர்டு தவறு என்றுதான் பதில் வரும். இடைவெளிக்கு %20-தான் சரி. என்கோடிங் செய்வது பாஸ்வேர்டுக்கு மட்டும். முழு ஸ்ட்ரிங்கையும் என்கோடு செய்தால் :// கூட மாறிப்போய் எதுவுமே பிரியாது.

என்கோடு செய்த பிறகும் தகராறு வரும் ஓர் இடம், டேட்டாபேஸின் அமைப்பை மாற்ற உதவும் பைத்தான் கருவியான அலெம்பிக். அதன் ஐஎன்ஐ ஃபைலில் % குறிக்குத் தனிப் பொருள் உண்டு. அங்கே %40 என்று எழுதினால் 'இன்டர்போலேஷன்' பிழை வரும். %%40 என்று இரட்டிக்க வேண்டும்.

ஸ்ட்ரிங்கே வேண்டாம் என்பதுதான் எங்கள் பரிந்துரை. ஹோஸ்ட், போர்ட், யூசர், பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் என்று ஐந்து என்விரான்மென்ட் வேரியபிள்கள் வைத்து, டிரைவருக்கு ஐந்தையும் தனித்தனியாகக் கொடுங்கள். போஸ்ட்கிரெஸுக்கான பைத்தான் டிரைவர் சைகோபிஜி இதை நேராகவே ஏற்கும். பைத்தானின் டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்கியூஎல்ஆல்கெமியில் யூஆர்எல் கிளாஸின் 'கிரியேட்' இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வருக்கு 'எஸ்கியூஎல்கனெக்‌ஷன்ஸ்ட்ரிங்பில்டர்'. அங்கே பிரச்சினைக்குரிய எழுத்து வேறு: அரைப்புள்ளி. மேற்கோளில் வைக்காத பாஸ்வேர்டில் அது வந்தால் பாஸ்வேர்டு அங்கேயே முடிந்து, மீதி புதிய ஆப்ஷன் பெயராகப் படிக்கப்படும். பயனர் டைப் செய்யும் எதையும் கூட்டல் குறி போட்டு அந்த ஸ்ட்ரிங்கில் ஒட்டாதீர்கள். ஒரே ஆப்ஷன் இரண்டு முறை வந்தால் கடைசியில் வந்ததே செல்லும். ஆகவே அரைப்புள்ளி போட்டு வேறு சர்வர் பெயரை எழுதுபவர், உங்கள் அப்ளிகேஷனை அந்த சர்வருக்குத் திருப்பிவிட முடியும்.

கேள்வி (மதுரை): ஸ்ட்ரிங் லேப்டாப்பில் வேலை செய்கிறது; கன்டெய்னரில் "பாஸ்வேர்டு தவறு". எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று கூடியிருக்கும். குபெர்னெட்டீஸ் சீக்ரெட்டுக்காக 'எக்கோ' கட்டளையின் வெளியீட்டை பேஸ்64 ஆக்கினீர்களா? எக்கோ வரி முடிவில் நியூலைன் சேர்க்கும், அதுவும் பாஸ்வேர்டின் பகுதியாகிவிடும். 'பிரின்ட்எஃப்' பயன்படுத்துங்கள். டாக்கரின் 'என்வ்-ஃபைல்' ஆப்ஷனோ மேற்கோள் குறிகளைக் கழற்றாது. "77" என்று எழுதினால் இரண்டு மேற்கோளும் சேர்ந்ததே மதிப்பு. டாட்என்வ் லைப்ரரிகள் பல இதற்கு நேர்மாறு. மேற்கோளைக் கழற்றும், மேற்கோள் இல்லாவிட்டால் # குறிக்குப் பின் வருவதைக் கமென்ட் என்று வெட்டும். கன்டெய்னருக்குள் போய் பாஸ்வேர்டை அச்சிட வேண்டாம், அதன் நீளத்தை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று கூடினால் நியூலைன், இரண்டு கூடினால் மேற்கோள், குறைந்தால் #.

கேள்வி (யாழ்ப்பாணம்): லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-உம் ஒன்றுதானே? ஏன் ஒன்று இணைகிறது, மற்றது இணைவதில்லை?

ஒன்றல்ல. யூனிக்ஸ் வகை கணினிகளில் மைஎஸ்கியூஎல் கிளையன்ட், ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் என்றால் டிசிபி வழியே போகாது; யூனிக்ஸ் சாக்கெட் ஃபைலைத் தேடும். 127.0.0.1 என்றால்தான் போர்ட் 3306-ஐத் தட்டும். நோட்.ஜேஎஸ் 17-இலிருந்து, பெயருக்குக் கிடைக்கும் முகவரிகளை ஐபிவி4 முதலில் என்று மாற்றி அடுக்கும் பழக்கம் நிறுத்தப்பட்டது. அதனால் நோட் 20-க்கு முந்தைய பதிப்புகளில் லோக்கல்ஹோஸ்ட் ::1 என்ற ஐபிவி6 முகவரிக்குப் போய், ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் சர்வரிடம் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வாங்கும். டாக்கருக்குள்ளோ இரண்டுமே அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். பக்கத்துக் கன்டெய்னரின் டேட்டாபேஸுக்கு, காம்போஸ் ஃபைலில் உள்ள சர்வீஸ் பெயரை எழுதுங்கள்.

கேள்வி (பெங்களூரு): எங்கள் சேவையில் வாடிக்கையாளர்கள் தங்கள் வெப்ஹுக் முகவரியைப் பதிவுசெய்வார்கள், எங்கள் சர்வர் அதை அழைக்கும். உள் நெட்வொர்க் முகவரிகளைத் தடுக்க 127.0.0.1, லோக்கல்ஹோஸ்ட், 192.168 என்று தொடங்குபவை ஆகியவற்றைச் சரத்தில் தேடித் தள்ளுகிறோம். போதுமா?

போதாது. வெளியாள் சொல்லும் இடத்துக்கு உங்கள் சர்வர் கோரிக்கை அனுப்பும் இந்த ஓட்டைக்கு எஸ்எஸ்ஆர்எஃப் என்று பெயர். வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் அதற்குத் தனி இடம் கொடுத்தது. 2019-இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் நடந்த திருட்டு இந்த வழியில்தான். கிளவுட் கணினிக்கு உள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியிலிருந்து சாவிகள் எடுக்கப்பட்டன. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. உங்கள் தடைப் பட்டியலில் அந்த முகவரியே இல்லை.

பட்டியலில் சேர்த்தாலும் தீராது, ஏனென்றால் ஒரே ஐபியைப் பல விதமாக எழுதலாம். 127.0.0.1-ஐ 127.1 என்றும், எண்மத்தில் 0177.0.0.1 என்றும், ஒரே எண்ணாக 2130706433 என்றும் எழுதினால் பிரவுசர்களும் பல லைப்ரரிகளும் ஏற்கும். சரத்தில் தேடும் உங்கள் சோதனைக்கு இவை எதுவும் கண்ணில் படாது. அதைவிட எளிய வழி, தன் டொமைனின் டிஎன்எஸ் பதிவில் 10.0.0.5 என்று போட்டுவிடுவது. அப்போது முகவரியில் சந்தேகப்பட எதுவுமே இருக்காது.

சோதனையைச் சரத்தின் மேல் நடத்தாமல் ஐபியின் மேல் நடத்துங்கள். முகவரியைப் பார்ஸ் செய்து, எச்டிடிபிஎஸ் மட்டும், போர்ட் 443 மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். ஹோஸ்ட்டை டிஎன்எஸ்ஸில் தேடி, கிடைக்கும் எல்லா ஐபிகளையும் பாருங்கள், முதல் ஒன்றை மட்டுமல்ல. 0.0.0.0/8, 10.0.0.0/8, 100.64.0.0/10, 127.0.0.0/8, 169.254.0.0/16, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகியவற்றில் ஒன்று விழுந்தாலும் மறுத்துவிடுங்கள். ஐபிவி6-இல் ::1-உம், ஐபிவி4 முகவரியை உள்ளே பொதிந்து வருபவையும் தப்பிவிடும் இடங்கள். பைத்தானின் 'ஐபிஅட்ரஸ்' மாட்யூலில் 'இஸ்_குளோபல்' இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். மல்டிகாஸ்ட்டை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும், 224.0.0.1-ஐ அது குளோபல் என்றே சொல்லும்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. சோதித்த ஐபிக்கே இணையுங்கள். சோதித்துவிட்டு முகவரியை அப்படியே எச்டிடிபி கிளையன்ட்டிடம் கொடுத்தால், அது டிஎன்எஸ்ஸை இன்னொரு முறை கேட்கும். இரண்டு கேள்விக்கும் நடுவே பதில் மாறியிருக்கலாம். தாக்குபவர் டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவை) 0 என்று வைத்து வேண்டுமென்றே மாற்றுவார். அதனால் கிளையன்ட்டின் இணைப்பு ஏற்படும் இடத்திலேயே, சாக்கெட் திறக்கும் முன்பாக, சோதனையைச் செருக வேண்டும். டிஎல்எஸ் சான்றிதழ் சோதனைக்குப் பழைய ஹோஸ்ட் பெயரையே கொடுங்கள். ரீடைரக்டைத் தானாகப் பின்தொடரும் வசதியை அணைத்துவிடுங்கள். நல்ல முகவரி 302 பதிலில் 169.254.169.254-ஐக் காட்டினால், அதுவரை செய்த சோதனையெல்லாம் வீண். பதிவின்போது மட்டுமின்றி ஒவ்வொரு அழைப்பின்போதும் இது நடக்க வேண்டும்.

குறிப்பிட்ட சில டொமைன்களை மட்டும் அனுமதிப்பதாக இருந்தால், "எச்டிடிபிஎஸ்://எக்ஸாம்பிள்.காம் என்று தொடங்குகிறதா" என்று பார்க்காதீர்கள். எக்ஸாம்பிள்.காம்.வேறுசைட்.நெட் என்பதும் அப்படித்தான் தொடங்கும். எக்ஸாம்பிள்.காம்@வேறுசைட்.நெட் என்பதும் அப்படியே. அங்கே @ குறிக்கு முன் இருப்பது வெறும் யூசர்நேம். பார்சர் தந்த ஹோஸ்ட்டை முழுதாக ஒப்பிடுங்கள். சப்டொமைன்களையும் விடுவதானால் '.எக்ஸாம்பிள்.காம்' என்று முன்புள்ளியோடு முடிகிறதா என்று பாருங்கள். பின்சாய்கோடு இருக்கும் முகவரியை மறுத்துவிடுவது நல்லது. பிரவுசர் வகைப் பார்சர்கள் \ குறியை / ஆக எடுத்துக்கொள்ளும், மற்றவை எடுத்துக்கொள்ளா. சோதிப்பவர் ஒரு ஹோஸ்ட்டையும் அழைப்பவர் வேறு ஹோஸ்ட்டையும் பார்ப்பது இங்கேதான்.

கேள்வி (சிங்கப்பூர்): .சிங்கப்பூர், .இந்தியா, .இலங்கை என்று முடியும் தமிழ் முகவரிகளை எங்கள் படிவம் ஏற்பதில்லை. எங்கே திருத்த வேண்டும்?

ரெஜெக்ஸில் \டபிள்யூ இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல். ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். யூனிகோடின் 'எழுத்து' வகையைக் கேட்டு எழுதியவர்களும் பாதி வழிதான் வந்திருப்பார்கள். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, ழ மூன்றும் எழுத்து வகை. இகரக் குறியும் புள்ளியும் 'மார்க்' வகை, அவை பொருந்தா. பைத்தானின் \டபிள்யூவும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. பிஎச்பியின் 'ஃபில்டர்_வேர்' யூஆர்எல் சோதனை ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள்) முகவரிகளை மட்டுமே ஏற்கும்.

டொமைன் பெயரை முதலில் ஐடிஎன்ஏ (பிற மொழி டொமைன் பெயர்களுக்கான தரநிலை) முறையில் ஆஸ்கி வடிவமாக மாற்றி, பிறகு சோதியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பார்சர் இதைத் தானே செய்யும். பைத்தானோடு வரும் 'ஐடிஎன்ஏ' கோடெக் 2003-இன் பழைய விதிகள். 2008 விதிகளுக்கு அதே பெயரில் தனிப் பேக்கேஜ் உண்டு, அதைப் போடுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 63 எழுத்து என்ற வரம்பு மாற்றிய வடிவத்துக்குத்தான். தமிழ் எழுத்தை எண்ணிப் பயனில்லை.

பாத் பகுதியில் கணக்கு வேறு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், என்கோடு செய்தால் 9 எழுத்து. 'தமிழ்' என்ற ஒரு சொல் 45 எழுத்தாகும். டேட்டாபேஸில் யூஆர்எல்லுக்கான நெடுவரிசையின் நீளம் 255 என்று இருந்தால் 28 குறியீடுகளோடு நிரம்பிவிடும். தமிழ்த் தலைப்புள்ள முகவரிகள் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான், 2,000 ஆக்குங்கள். ஒகரக் குறியையும் கவனியுங்கள். 'கொ' என்பதை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் டைப் செய்ய முடியும். பார்வைக்கு ஒன்று, பைட்டில் இரண்டு. டொமைனில் ஐடிஎன்ஏ இவற்றை ஒன்றாக்கிவிடும். பாத்தில் யாரும் ஒன்றாக்குவதில்லை, 404 வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): எஸ்கியூஎல்ஆல்கெமியைப் புதுப்பித்ததும் "போஸ்ட்கிரெஸ் பிளகின் இல்லை" என்கிறது.

2021-இல் வந்த 1.4 பதிப்பில் 'போஸ்ட்கிரெஸ்://' என்ற சுருக்கப் பெயர் நீக்கப்பட்டது. 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்://' மட்டும்தான் செல்லும். ஹோஸ்டிங் சேவை பழைய பெயரில் தந்தால் தொடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். முழுச் சரத்திலும் 'ரீப்ளேஸ்' போட்டால், அதே சொல் யூசர்நேமாக இருக்கும்போது அதுவும் மாறிவிடும். இதையொட்டி வரும் மோங்கோ கேள்விக்கும் இங்கேயே பதில்: 'மோங்கோடிபி+எஸ்ஆர்வி://' வடிவத்தில் ஒரே ஹோஸ்ட்தான் இருக்கலாம், போர்ட் எழுதவே கூடாது. போர்ட் டிஎன்எஸ்ஸின் எஸ்ஆர்வி பதிவிலிருந்து வருகிறது. 27017-ஐ எடுத்துவிடுங்கள்.

கேள்வி (சேலம்): அப்ளிகேஷன் தொடங்கும்போதே கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கைச் சோதிக்க வேண்டுமா, முதல் கோரிக்கை வரும்போது பார்த்துக்கொள்ளலாமா?

தொடங்கும்போதே. ஆனால் இரண்டு விதமான தோல்வியைப் பிரித்துக் கையாளுங்கள். வடிவம் தவறு, ஹோஸ்ட் காலி, போர்ட் எண்ணாக இல்லை, டேட்டாபேஸ் பெயர் இல்லை என்றால் காத்திருந்து பயனில்லை; உடனே நிறுத்துங்கள். வடிவம் சரி, சர்வர்தான் பதில் சொல்லவில்லை என்றால் 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளி கூட்டி முயலுங்கள். டேட்டாபேஸும் அப்ளிகேஷனும் ஒரே நேரத்தில் எழும்பும் இடங்களில் முதல் சில விநாடி தோல்வி வருவது இயல்பு.

இணைந்ததும் 'செலக்ட் 1' ஓட்டிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் 'கனெக்ட்_டைம்அவுட்' எழுதாவிட்டால் வரம்பே கிடையாது. ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கினால் அப்ளிகேஷன் சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். 5 விநாடி வையுங்கள். 'எஸ்எஸ்எல்மோட்' எழுதாவிட்டால் 'பிரிஃபர்' என்று பொருள். சர்வர் டிஎல்எஸ் தராவிட்டால் அது எதுவும் சொல்லாமல் வெற்று இணைப்புக்கு இறங்கிவிடும். ரூட் சான்றிதழ் ஃபைல் தராத நிலையில் 'ரெக்வயர்' என்று எழுதினால் குறியாக்கம் உறுதி, ஆனால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்காது. நெட்வொர்க் தாண்டிப் போகும் இணைப்புக்கு 'வெரிஃபை-ஃபுல்' தேவை, அதோடு ரூட் சான்றிதழ் ஃபைலின் பாதையும். தொடக்கச் சோதனையில் இந்த மதிப்பையும் பார்த்து, புரொடக்‌ஷனில் வேறு ஏதாவது இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

பிழைச் செய்தியில் எந்த வேரியபிள், எந்தப் பகுதி என்று எழுதுங்கள்: "டேட்டாபேஸ்_யூஆர்எல்: போர்ட் எண்ணாக இல்லை". மதிப்பை எழுதாதீர்கள். பார்சர் எறியும் பிழையை அப்படியே லாக்கில் கொட்டினால், அதற்குள் முழு ஸ்ட்ரிங்கும் இருக்கலாம். பார்ஸ் ஆகாத ஸ்ட்ரிங்கில் பாஸ்வேர்டு எங்கே முடிகிறது என்று உங்கள் மறைப்புக் கோடுக்கும் தெரியாது. அந்த நேரத்தில் எதையும் அச்சிடாமல் விடுவதே பாதுகாப்பு.